இரண்டாம் கடனுக்கு முதலீடு என்று பெயர்

தில்லி ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் ஞாயிற்றுக்கிழமை தரிசனம் முடித்துப் படியிறங்கி வருகிறவர்கள், செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்கிற நேரத்தில் பேசுவதில் பாதி வீட்டு விலைதான். துவாரகாவில் யார் வாங்கினார், மயூர் விஹாரில் யார் விற்றார், நொய்டா எக்ஸ்டென்ஷனில் சதுர அடி என்ன போகிறது. முப்பது வருஷமாக இதைக் கேட்டு வருகிறேன். தொகைகள் மட்டும்தான் மாறியிருக்கின்றன.

போன மாதம் அங்கே ஒரு பையனைச் சந்தித்தேன். லால்குடிப் பக்கம். வயது 26. குருகிராமில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 80,000 ரூபாய். கல்விக் கடனில் இன்னும் 10 லட்சம் பாக்கி. நான் வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துவாரகா பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று என்னிடம் கேட்டான். கேட்டான் என்பதைவிட, முடிவை எடுத்துவிட்டு என் தலையாட்டலுக்காக நின்றான் என்பதே சரி.

“கல்விக் கடன் நல்ல கடன் சார். அது பாட்டுக்கு ஓடட்டும். வாடகை கொடுக்கிறது தண்டம். அந்தப் பணத்தை இ.எம்.ஐ.யாகக் கட்டினா சொத்தாவது மிஞ்சும். நிலத்தைப் புதுசா யாரும் உற்பத்தி பண்ண முடியாது, அதனால விலை இறங்கவே இறங்காது. இருபதுகள்லேயே ஆரம்பிச்சாத்தான் நாற்பதுல உட்கார்ந்து சாப்பிட முடியும்.”

இதில் ஒரு வாக்கியம்கூட அவனுடையது இல்லை. புரோக்கர், அலுவலக நண்பர், யூடியூப் ஆலோசகர், சித்தப்பா என்று எல்லோரும் இன்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். இவ்வளவு பேர் ஒரே குரலில் சொல்கிற ஒன்றைக் கொஞ்சம் உரசிப் பார்க்காமல் விடக்கூடாது.

முதலில் கணக்கு. வீடு 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டி வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 48 லட்சம். மீதி 12 லட்சம் கையிலிருந்து. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், அதாவது இங்கே எல்லோரும் ‘ரஜிஸ்ட்ரி’ என்று சொல்கிற செலவு, குறைத்துப் போட்டாலும் 4 லட்சம். அதை வங்கி கடனில் சேர்க்காது. (பெண் பெயரில் பதிந்தால் தில்லியில் தீர்வை குறைவு. பல வீடுகள் திடீரென்று மனைவி பெயருக்குப் போவதற்குப் பாசம் மட்டுமே காரணம் இல்லை.) புரோக்கர் கமிஷனை விட்டுவிட்டாலும் 16 லட்சம் ரொக்கமாக வேண்டும்.

அவனிடம் கேட்டேன்: “தம்பி, உன் கையில 16 லட்சம் இருக்கா?”

“இல்ல சார்.”

“இருந்தா உனக்கு 10 லட்சம் கடன் எதுக்கு இருக்கணும்?”

கல்விக் கடனை ஓடவிட்டுக்கொண்டே ரியல் எஸ்டேட்டில் இறங்கு என்கிற எல்லா அறிவுரையும் இந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். முன்பணம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அது அப்பாவின் பி.எஃப்.பிலிருந்து வரும். அம்மாவின் நகையிலிருந்து வரும். அதுவும் போதாவிட்டால் பர்சனல் லோனிலிருந்து வரும். இவன் முதலீட்டாளன் ஆவதற்கு ஊரில் இரண்டு பேர் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து மாதக் கணக்கு. 48 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத் தவணை சுமார் 41,650 ரூபாய். கல்விக் கடன் 10 லட்சத்துக்குப் பத்தரை சதவீதத்தில் 10 வருஷத் தவணை சுமார் 13,500. இரண்டும் சேர்ந்து 55,150. சம்பளத்தில் கிட்டத்தட்ட 69 சதவீதம். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகத் தயங்கும். அப்போது புரோக்கர் ஒரு வழி சொல்வார்: “அப்பாவையும் கோ-அப்ளிகண்ட்டா சேர்த்துடுங்க.”

மறுபடியும் அப்பா. இந்தக் கதையில் எங்கே கதவைத் திறந்தாலும் அப்பாதான் நிற்கிறார். ‘நல்ல கடன்’ என்ற வாதத்தை நான் வெறுப்பதற்கு அதுதான் காரணம்.

நல்ல கடன், கெட்ட கடன் என்கிற பிரிவினை நம் ஊருக்குப் பரவலாக வந்தது ராபர்ட் கியோசாகியின் ‘ரிச் டாட் புவர் டாட்’ வழியாக. 1997இல் வந்த அமெரிக்கப் புத்தகம். அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் படித்ததில்லை என்பது என் சந்தேகம். மாதாமாதம் உன் பைக்குள் பணம் போடுவது சொத்து, பையிலிருந்து பணம் எடுப்பது சுமை. நீ குடியிருக்கிற சொந்த வீடே சுமைதான் என்பது அவருடைய வாதம். அவருடைய அளவுகோலையே துவாரகா வீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். 60 லட்சம் வீட்டுக்கு இங்கே 15,000 வாடகை கிடைத்தால் நல்ல வாடகை. ஆண்டுக்கு 3 சதவீதம். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டுமே 34,000. வாடகை 15,000 உள்ளே வர, வட்டியாக 34,000 வெளியே போகிறது. குருவின் சூத்திரப்படியே இது சுமை. சீடர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள் போல.

அமெரிக்கக் கதை அங்கே ஓடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. அரசு காப்பீடு உள்ள எஃப்.எச்.ஏ. கடனில் மூன்றரை சதவீதம் முன்பணம் கட்டினால் போதும். நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தை வாங்கி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடலாம். 30 வருஷத்துக்கும் மாறாத வட்டி கிடைக்கும். இளங்கலை மாணவர் வாங்கும் மத்திய அரசுக் கல்விக் கடனுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். சில மாநிலங்களில் வீட்டுக் கடன் தவறினால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்வதோடு சரி.

இங்கே வட்டி மிதக்கிறது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் ஆறரைக்குப் போய்விட்டது. ஒன்பதே மாதம். 6.7 சதவீதத்தில் 48 லட்சம் வாங்கியவருக்குத் தவணை 36,350. அந்த வட்டி 9.2 ஆனால் 43,800. பலருக்கு வங்கிகள் தவணையை ஏற்றாமல் வருஷங்களை நீட்டின. ஓய்வு வயதுக்கு அப்பாலும் நீண்ட தவணை அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டை ஏலம் விட்டும் கடன் தீராவிட்டால், மீதிக்கு வங்கி உங்களைத் துரத்தலாம். சர்ஃபேசி சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கல்விக் கடன் இங்கே மாணவனுடைய கடன் மட்டும் இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி பெற்றோர் கூட்டுக் கடன்தாரர். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்கும் (ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்குச் சில வங்கிகள் விலக்கு தருகின்றன). லால்குடிப் பையன் படித்தது அப்படிப்பட்ட இடம் இல்லை. ஈடு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“ஊர்ல இருக்கிற வீடு சார். தாத்தா கட்டினது. பத்திரம் பேங்க்லதான் இருக்கு.”

இவனிடம் ஏற்கெனவே ரியல் எஸ்டேட் இருக்கிறது. அது அடமானத்தில் இருக்கிறது. அதை மீட்காமல், இன்னொரு வீட்டை இன்னொரு வங்கியில் அடமானம் வைக்கக் கிளம்பியிருக்கிறான். அதற்கு முதலீட்டுத் தொடக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். வேலை போனால் இரண்டு தவணையும் ஒரே மாதத்தில் நிற்கும். அப்போது லால்குடி வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார். நோட்டீஸை வாங்கப்போவது அவனுடைய அப்பா. இவனுடைய சிபில் மதிப்பெண்ணோடு அவருடையதும் இறங்கும். ஒருவேளை தங்கை படிப்புக்கு அவர் கடன் கேட்டுப் போகும்போதுதான் அது அவருக்கே தெரியவரும்.

வாடகை தண்டம் என்ற வாதத்துக்கு வருகிறேன். முனிர்காவில் நாலு பேர் சேர்ந்து எடுத்த அறையில் தலைக்கு 9,000 கொடுப்பது தண்டம்; வங்கிக்கு மாதம் 34,000 வட்டி கொடுப்பது தண்டம் இல்லையா? அதுவும் வாடகைதான். பணத்துக்குக் கொடுக்கிற வாடகை. வாடகைக்கு ஒரு லாபம் உண்டு: நாளைக்கு பெங்களூரில் இருமடங்குச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தால் ஒரு மாத நோட்டீஸில் பெட்டியைக் கட்டலாம். 26 வயதில் ஒருவனிடம் இருக்கிற பெரிய சொத்து அந்தக் கால் பலம்தான். அதை வெட்டிக்கொண்டு வாங்குகிற வீடு விலை போகட்டும், போகாமல் இருக்கட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தில்லியில் வாடகைக்கு வீடு தேடுவது தமிழனுக்கு மரியாதையான அனுபவம் இல்லை. மீன் சமைப்பீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேள்விகள். பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்போது மறுபடியும் மூட்டையைக் கட்டு. இதற்கெல்லாம் பயந்து, குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வீடு வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. அவர் நிம்மதியை வாங்குகிறார். அதன் விலை அவருக்குத் தெரியும். நான் பேசுவது வாடகைக்கு விட்டு லாபம் பார்க்கப் போகிறேன் என்று, கடன் மேல் கடன் ஏற்றுகிறவரிடம்.

நிலத்தின் விலை இறங்காது என்று தில்லியில் நின்றுகொண்டு சொல்ல ஒருவருக்கு நல்ல மறதி வேண்டும். 2013, 14 வாக்கில் தொடங்கி 2020 வரை தலைநகர் வட்டாரத்தில் வீட்டு விலை பெரிதாக ஏறவில்லை. நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் பல இடங்களில் இறங்கியது. விலை இறங்கியதுகூடப் பரவாயில்லை. வீடே வரவில்லை.

அப்போது அடிக்கடி வந்த ஒரு விளம்பரம்: வீடு கைக்கு வரும் வரை இ.எம்.ஐ. கட்ட வேண்டாம், பில்டரே கட்டுவார். சப்வென்ஷன் திட்டம் என்று பெயர். முன்பணம் கொஞ்சம் இருந்தால் போதும் என்பதால் இளம் சம்பளக்காரர்களுக்கு இது கண்ணி வைத்ததுபோல் பொருந்தியது. கடன் வாங்கியவர் பெயர் உங்களுடையது. பணம் நேராகப் பில்டர் கணக்குக்குப் போய்விடும், கட்டடம் அஸ்திவாரத்தைத் தாண்டாதபோதே பெரும்பங்கு போய்விடும். கட்டுமானம் ஏற ஏறத்தான் கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. அதற்குப் பிறகும் இது நின்றுவிடவில்லை. வீட்டுக் கடன் நிறுவனங்கள் இதை விட்டுவிட வேண்டும் என்று தேசிய வீட்டுவசதி வங்கி சொன்னது 2019 ஜூலையில். இடையில் பில்டர்கள் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரை வங்கி பிடித்தது. வாடகையும் கட்டி, இல்லாத வீட்டுக்குத் தவணையும் கட்டி, சிபிலும் கெட்டு நின்றார்கள்.

நொய்டாவின் ஜேப்பி இன்ஃப்ராடெக் 2017 ஆகஸ்டில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பணம் கட்டியிருந்த 20,000க்கும் அதிகமானவர்களுக்கு ஒரு மீட்புத் திட்டம் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் ஒப்புதல் பெற்றது 2023 மார்ச்சில். ஆம்ரபாலி குழுமத்துக்கு மகேந்திர சிங் தோனி விளம்பரத் தூதராக இருந்தவர். 42,000க்கு மேற்பட்டவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். 2019 ஜூலை 23இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவை ரத்துசெய்து, மிச்சக் கட்டடங்களை முடித்துத் தரும்படி அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. சப்வென்ஷன் விவகாரத்தில் பில்டர்-வங்கிக் கூட்டை விசாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் சொன்னது 2025 ஏப்ரலில். ஜூலையில் 22 வழக்குகள் பதிய அனுமதி கொடுத்தது. 2012இல் 26 வயதில் புக் பண்ணியவனுக்கு அப்போது வயது 39. இருபதுகளில் ஆரம்பித்தவன் நாற்பதில் உட்கார்ந்து சாப்பிடுவான் என்றார்களே, நாற்பதில் அவன் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

2021க்குப் பிறகு குருகிராமிலும் நொய்டாவிலும் விலை எகிறியது உண்மை. 2020இல் வாங்கியவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். மலை மந்திர் படியில் நின்று உரக்கப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். 2013இல் வாங்கியவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டுச் சிலர் மலிவுப் பக்கம் திரும்புவார்கள். நஜஃப்கர் பக்கம் ஐம்பது கஜம் மனை, அங்கீகாரம் இல்லாத காலனி, பவர் ஆஃப் அட்டர்னியில் கைமாற்று. பயானா, அதாவது முன்பணம், கொடுத்தால் போதும் என்பார்கள். பவர் பத்திரத்தில் விற்பது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. பி.எம்.-உதய் என்று 2019இல் ஒரு திட்டம் வந்தது, ஏற்கெனவே அந்தக் காலனிகளில் குடியிருப்பவர்களுக்கு உரிமை கொடுக்க. அதைக் காட்டி விற்கிறார்கள். தில்லி மாஸ்டர் பிளானில் எல் மண்டலம் என்கிற பகுதியின் கதை இதைவிட அழகு. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) நிலத் தொகுப்புக் கொள்கை 2018இல் அறிவிக்கப்பட்டதைக் காட்டி, உரிமமே பெறாத ‘சொசைட்டி’கள் பல மாடி வீடுகளைப் படத்தில் காட்டி உறுப்பினர் சேர்த்தன. ஏமாறாதீர்கள் என்று டி.டி.ஏ.வே அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

வரிச் சலுகை வாதம் இரண்டு வரியில் முடிந்துவிடும். கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் எட்டு வருஷம் கழிவு உண்டு, அதனால் சீக்கிரம் அடைக்காதே என்பார்கள். அந்தக் கழிவு பழைய வரி முறையில்தான். புதிய முறையில் 2025-26 முதல் 12.75 லட்சம் வரையான சம்பளத்துக்கு வரியே கிடையாது. பையனுடைய சம்பளம் அதற்குள் அடங்குகிறது. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? புதிய முறையில் வாடகை வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது.

சரி, என்னதான் செய்வது என்று பையன் கேட்டான். இரண்டு தவணைக்குமாக மாதம் 55,000 கட்டத் தயாராக வந்தவன் அவன். அதில் 40,000ஐ மட்டும் கல்விக் கடனில் போட்டால் 29 மாதத்துக்குள் கடன் முடிந்துவிடும். பத்து வருஷம் இழுத்தால் வட்டி 6 லட்சத்து 19 ஆயிரம். இப்படி அடைத்தால் 1 லட்சத்து 33 ஆயிரம். மிச்சம் 4 லட்சத்து 86 ஆயிரம். மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கும் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கக்கூடாது என்பது 2014 முதல் விதி. பத்தரை சதவீதம், வரி இல்லாமல், நிச்சயமாக. எந்த பில்டர் இதைத் தருகிறார்? மீதி 15,000ஐ ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பாகச் சேர்க்கட்டும். அடக்க முடியாத ஆசை இருந்தால், பங்குச் சந்தையில் ‘ரீட்’ (ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை) ஒரு யூனிட் வாங்கிப் பார்க்கட்டும். நாட்டின் முதல் ரீட்டான எம்பசி 2019இல் வந்தபோது மொத்தமாகத்தான் வாங்க முடிந்தது, 2021க்குப் பிறகு ஒரே யூனிட் வாங்கலாம், சில நூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் துவாரகா செக்டர் செக்டராக நடந்து, வாடகை என்ன, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். அதற்குக் கடன் தேவையில்லை.

அவன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவன் கேட்டது வீட்டைப் பற்றித்தான், ஆனால் துவாரகா வீட்டைப் பற்றி இல்லை.

“கடன் முடிஞ்சா பத்திரம் எப்போ சார் கொடுப்பாங்க?”

முப்பது நாளுக்குள். 2023 டிசம்பர் முதல் இது ரிசர்வ் வங்கி உத்தரவு. வங்கியின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. கணக்கு இருக்கிற கிளையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

“அப்பா மட்டும் போனாப் போதுமா, நானும் போகணுமா?”

பத்திரம் அப்பா பெயரில் இருந்தால் அவர் கையெழுத்துதான் வேண்டும் என்றேன். நீயும் போ, லீவு எடுத்துக்கொண்டு போ என்றும் சொன்னேன்.